வெறும்பெட்டியின் மூச்சு

வெறும்பெட்டிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அன்று காலை மீரான் அதன் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த மெழுகைக் கத்தியால் கீறி, டின்னைத் தூக்கி, உள்ளே சின்ன முக்காலிமேல் இருந்த பீங்கான் கிண்ணத்தை எடுத்து அதில் பேரியம் கரைசலை விட்டபோது, தண்ணீராகத் தெளிந்து நிற்க வேண்டியது அரிசி களைந்த நீராக வெளுத்துப்போனது. தூக்கக் கலக்கத்தில் தோப்புக் கிண்ணம் எதையோ மாற்றி எடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தான். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் அவனே பெயின்டால் போட்ட சுழி இருந்தது. வெறும்பெட்டியின் கிண்ணம்தான்.

எங்கேயோ ஒழுகியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அந்த வீட்டில் ஒழுகாதது எது? ஐப்பசி பிறந்ததிலிருந்து விட்டுவிட்டுப் பெய்த மழையில் முன்னறை ஓட்டுக்கு அடியில், இருக்கிற பாத்திரத்தையெல்லாம் பரப்பி வைத்தாயிற்று. சுவரில் சாய்ந்தால் சட்டை நனைகிறது. வாழைத்தோப்பில் அழுகும் மட்டையின் வாடையும் கொள்ளிடத்துச் சேற்றின் வாடையும் இரவு பகலாக வீட்டுக்குள் வந்து குடியிருக்கின்றன. எதையும் தீர விசாரிக்க மீரானுக்குத் தெம்பில்லை. அளவைக் குறித்துக்கொண்டு, கிண்ணத்தைக் கொல்லை வாய்க்காலில் கொட்டிக் கழுவினான்.

அவன் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அறுபத்திரண்டாம் வருஷம் அது. திருச்சியில் ஒரு கல்லூரியில் அவன் தாவரவியல் டெமான்ஸ்டிரேட்டர். அங்கே பேராசிரியர் அமிர்தசாமிக்கு ஓர் ஆசை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் ஸ்ரீரங்கத்துத் தீவு முழுவதும் இரவில் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது, பகலில் வாழையும் நெல்லுமாக அதில் எவ்வளவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுவிட வேண்டும். பகல் கணக்கைப் பேராசிரியர் கல்லூரியில் உட்கார்ந்தே போட்டார். இரவுக் கணக்கு மீரான் தலையில் விழுந்தது. அடிப்பக்கத்தை வெட்டியெடுத்த மண்ணெண்ணெய் டின்களைத் தோப்பு மண்ணில் கவிழ்த்து அழுத்த வேண்டும். ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு கிண்ணம் காஸ்டிக் சோடா. மண் விடும் வாயுவை இரவெல்லாம் அது குடிக்கும். காலையில் பேரியம் விட்டால் குடித்ததெல்லாம் வெள்ளையாகத் திரண்டு அடியில் படியும். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு மூச்சு. அந்த மூச்சைத் தீவின் பரப்பால் பெருக்கினால் தீவின் மூச்சு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

வெறும்பெட்டி இந்தக் கணக்குக்குக் காவல். மண்ணே படாத இடத்தில், அடியில் காற்றுப் புகாமல் மெழுகால் அடைத்து வைக்கும் ஒரு டின். அதில் எது வந்தாலும் அது கசிவு, அல்லது கருவியின் கோளாறு; அதை மற்ற எல்லா டின்னின் அளவிலிருந்தும் கழித்துவிட வேண்டும். தோப்பிலேயே ஒரு தகரத்தின்மேல் அது இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் அங்கே மெழுகு ஒட்டவில்லை. கிண்ணம் வெளுத்ததற்கு முந்தின சாயங்காலம் மீரான் அலுத்துப்போய் அந்த டின்னைத் தூக்கிவந்து வீட்டுப் பின்னறையில், சிமென்டுத் தரையில், அவன் மனைவி ஆபிதாவின் கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து அடைத்துவிட்டான். அந்த வீட்டிலேயே காய்ந்த தரை அது ஒன்றுதான். பேராசிரியரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிமென்டு மூச்சு விடவா போகிறது?

ஆபிதாவுக்கு இழுப்பு. கல்யாணமாகி வரும்போதே இருந்தது. தோப்பு வீட்டுக்கு வந்தபின் முற்றிவிட்டது. அவளால் படுக்க முடியாது. முதுகுக்குத் தலையணைகளை அண்டக் கொடுத்து, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே இரவைத் தள்ளுவாள். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம், உள்ளே போகும்போது ஒரு சுருதி, வெளியே வரும்போது ஒரு சுருதி. அதைக் கேட்டுக்கொண்டு கீழே பாயில் மீரானும் விழித்துக் கிடப்பான். ஸ்ரீரங்கத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த ஈரக் காத்து ஆகாதுங்க. காஞ்ச ஊராப் பாத்து அனுப்பி வைங்க. இல்லாட்டி இந்த மழைக்காலத்தை அவங்க தாங்க மாட்டாங்க."

காய்ந்த ஊர் இல்லாமலில்லை. மணப்பாறையில் அவள் அக்கா நஜீமா இருந்தாள். ஆனால் வேலை முடியும்வரை தோப்பில் யாராவது தங்கித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்தால்தான் உத்தியோகம் நிரந்தரம். நிரந்தரமானால்தான் டவுனில் நல்ல வீடு. ஆபிதாவும் போக மாட்டேன் என்றாள்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாருங்க ஆக்கிப் போடுவா? அந்த டின்னா?" சிரித்தால் இழுப்பு அதிகமாகும், ஆனாலும் சிரிப்பாள். "உங்க மண்ணு நல்லா மூச்சு விடுதுல்ல? எனக்கும் கொஞ்சம் குடுக்கச் சொல்லுங்களேன்."

அடுத்த வாரம் அனுப்பிவிடலாம், அடுத்த வாரம் அனுப்பிவிடலாம் என்று மீரான் தள்ளிக்கொண்டே வந்தான். அவள் செத்துப்போய்விடுவாளோ என்ற பயம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. ஆனால் ஒழுங்காகப் பயப்படுவதற்குக்கூட மனிதனுக்குக் கொஞ்சம் தூக்கம் வேண்டியிருக்கிறது.

கிண்ணம் வெளுத்ததற்கு முந்தைய இரவில் ஆபிதா படுத்துத் தூங்கியிருந்தாள் என்பது அவனுக்கு மத்தியானம்தான் உறைத்தது. காலை நீட்டி, ஒருக்களித்து, குழந்தைபோலத் தூங்கியிருந்தாள். இழுப்பே இல்லை. அன்றும் அப்படித்தான் தூங்கினாள். மறுநாளும். மீரான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான், டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் சொன்னான், பிறகு எதற்கும் சொல்லாமல் தூங்கினான். எத்தனையோ மாதத்துத் தூக்கம் பாக்கியிருந்தது அவனுக்கு. கிண்ணம் தினமும் வெளுத்தது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக. தினமும் கழித்தான். தினமும் காலையில் டின்னைத் தூக்கும்போது உள்ளேயிருந்து வெதுவெதுப்பாக ஏதோ முகத்தில் படும். கட்டிலில் ஆபிதா ஒருதரம் துடித்து அடங்குவாள். கனவு என்று நினைத்துக்கொண்டு புதுக் கிண்ணத்தை வைத்து உடனே அடைத்துவிடுவான். மெழுகு இறுகப் பகல் நேரம் வேண்டும் என்பதால் வெறும்பெட்டி மட்டும் நாள் முழுவதும் அடைத்தே இருந்தது.

அவள் குரல் தணிந்துகொண்டு வந்தது. முன்பெல்லாம் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் தோப்பு முனையில் கேட்கும். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதையே இரண்டாம் தரம் கேட்க வேண்டியிருந்தது. மஃரிபு தொழுதுவிட்டு அவள் ஓதுவது அந்த வீட்டின் சாயங்காலச் சத்தம். இப்போது உதடு அசைவது மட்டும் தெரிந்தது. இழுப்பில்லாமல் இருக்கிறாளே, அது போதும் என்று அவன் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான்.

ஒரு நாள் பகலெல்லாம் கொட்டிய மழை விளக்கு வைக்கும் நேரத்தில் நின்றது. மீரான் பாயில் சாய்ந்திருந்தான். ஓட்டிலிருந்து சொட்டும் நீர் பாத்திரத்துக்குப் பாத்திரம் வேறு வேறு ஒலியில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்காலில் தவளைகள் ஒன்று விட்டால் ஒன்று எடுத்தன. வாழையிலை தேங்கிய தண்ணீரைத் தாங்க முடியாமல் சரித்துக் கொட்டும் சத்தம் அடிக்கடி கேட்டது. எட்டத்தில் கொள்ளிடம் பாலத்தின்மேல் ஒரு ரயில் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது. ரயில் தேய்ந்து மறைந்தபின், அதற்கெல்லாம் அடியில் இவ்வளவு நேரமும் இருந்திருக்கக்கூடிய வேறொரு சத்தம் தனியாக நின்றது. டொக். எண்ணெய் டின்னின் பக்கத்தை விரலால் அழுத்தினால் உள்ளே ஒடுங்குமே, அந்தச் சத்தம். சற்றுப் பொறுத்து, விரலை எடுத்தால் புடைக்குமே, அந்தச் சத்தம். எந்த அடுப்படியிலும் கேட்கிறதுதான்.

டொக்.

டொக்.

குளிருக்குத் தகரம் சுருங்குகிறது என்று நினைத்தான். சுருங்கினால் ஒருதரம் சுருங்கும். இது சுருங்கி, விரிந்து, சுருங்கியது. கையை நீட்டி வெறும்பெட்டியின்மேல் வைத்தான். சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றி மாதிரி. உள்ளங்கைக்குக் கீழே தகரம் மெதுவாக உயர்ந்து, நின்று, தாழ்ந்தது.

தலையைத் திருப்பி ஆபிதாவைப் பார்த்தான். மல்லாந்து கிடந்தாள். போர்வை அசையவில்லை.

காலையில் கிண்ணம் தயிராக இருந்தது.

அன்று கல்லூரிக்குப் போய் அளவுகளைப் பேராசிரியர் முன்னால் வைத்தான். அமிர்தசாமி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வெறும்பெட்டி இவ்வளவு காட்டுதா? கழிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். கழிச்சா மிச்சமே நிக்கலை. ஸ்ரீரங்கம் தீவு மூச்சே விடலைன்னு வருது."

"அப்படி எழுத முடியுமா மீரான்? நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? மெழுகை நீங்க சரியா அடைக்கலை. ரெட்டையா அடைச்சு இன்னும் கொஞ்ச நாள் எடுங்க, அதோட முடிச்சுக்கலாம்." பிறகு அவருக்கே மனம் கேட்கவில்லை. "வீட்ல உடம்பு எப்படி இருக்கு?"

"தேவலை சார். இப்பல்லாம் நல்லாத் தூங்குறா."

வீட்டுக்கு வந்து, சொன்னபடியே, வெறும்பெட்டியை இரட்டையாக அடைத்தான்.

மறுநாள் அந்திக்கு முன் தோப்பிலிருந்து திரும்பினான். அடுப்படி முழுவதும் புகை. ஈர விறகின் புகை, கண்ணைப் பிடுங்கும் புகை. இதில் பாதி போதும், ஒரு மாதத்துக்கு முன்னால் ஆபிதாவைச் சுருண்டு விழவைக்க. அவள் அதன் நடுவில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். இருமவில்லை. கண்ணைக்கூடக் கசக்கவில்லை. ஊதாங்குழலை வாயில் வைத்துக் கன்னத்தை உப்பி உப்பி ஊதிக்கொண்டிருந்தாள். குழலின் மறு முனைக்கு முன்னால் சாம்பல் குவிந்து கிடந்தது. மெல்லிய சாம்பல், நடந்தால் பறக்கும் சாம்பல். அது அப்படியே கிடந்தது. அவள் ஊதினாள். கன்னம் உப்பியது, வடிந்தது. சாம்பலில் ஒரு தூள்கூட அசையவில்லை.

"ஆபிதா."

திரும்பினாள். "வெறகு ஈரமுங்க," என்றாள். அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல இருந்தது.

குழலை வாங்கி அவன் ஊதினான். சாம்பல் குப்பென்று எழுந்து இருவர் தலையிலும் படிந்தது, விறகு பற்றிக்கொண்டது. அவள் அந்தச் சாம்பலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொன்னால் இவன் தூக்கம் கெடும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"எத்தனை நாளா?" என்றான்.

"வலிக்கலைங்க," என்றாள் அவள். "வலிக்காம இருக்கேன்ல. விடுங்க."

அவன் புறங்கையை அவள் மூக்குக்குக் கீழே வைத்தான். உடம்பு சூடாகத்தான் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்ட விரல்களும் அவளுடைய விரல்கள்தான். மூக்கிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் வைத்திருந்தான். பின்னறையில் டொக் என்றது. மீரான் குழந்தைபோல விம்மி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

டாக்டரை அழைத்துவரலாம். குழாயை மாரில் வைத்து அவர் என்ன கேட்பார்? கேட்க வேண்டியது மாரில் இல்லை.

விடிந்ததும் மணப்பாறைக்குக் கிளம்புவது என்று முடிவு செய்தான். அந்த வீட்டிலிருந்து அவளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டால் போதும். வழக்கப்படி வெறும்பெட்டியின் கிண்ணத்தை மாற்றி அடைத்துவிட்டு, ஒரு பையில் அவள் துணிகளைத் திணித்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து வண்டிப்பாதையில் நடத்திக் கூட்டிப்போனான். டின்களைப் பார்த்துக்கொள்ளும் மருதை, கொள்ளிடக்கரை ஊர்க்காரர், எதிரே வந்தவர் ஒதுங்கி நின்றார்.

"அம்மாவ ஊருக்கா சார்? நல்லதுங்க. இந்த ஈரத்துல எதுக்கு?"

தோப்பைத் தாண்டும்வரை ஆபிதா நடந்தாள். மதகு வரும்போது கால் பின்னியது. அதைத் தாண்டியதும் அவன் தோளில் சாய்ந்தாள். பஸ் வரும் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு பஸ் வந்து நின்று, அவர்களுக்காகச் சற்றுக் காத்தும் இருந்தது. அவள் உதடு நாவல்பழம் தின்ற உதடாகிவிட்டது. நகக்கண்கள் நீலம். கண் மேலே செருகியது. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது, சத்தமே இல்லாமல்.

மருதை ஓடிவந்தார். "திருப்புங்க சார், வீட்டுக்குத் தூக்குங்க!"

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மதகு. தோப்பு. வீட்டை நெருங்க நெருங்க அவள் உடம்பு இளகியது. கொல்லை வாசலைத் தாண்டும்போது கண்ணைத் திறந்தாள். உள்ளே பின்னறையில், இரட்டை மெழுகுக்குள், வெறும்பெட்டி ஓடிவந்தவனைப்போல அடித்துக்கொண்டிருந்தது. டொக்டொக். டொக்டொக். பிறகு தணிந்தது.

மருதைக்கும் அது கேட்டது. அவர் வெறும்பெட்டியைப் பார்க்கவில்லை, மீரானையும் பார்க்கவில்லை. "சாயங்காலம் வந்து கிண்ணத்த வாங்கிக்கிறேன் சார்," என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அப்போதுதான் மீரான் கிண்ணத்தை நினைத்தான்.

காஸ்டிக் சோடா. மூச்சைக் குடிப்பதற்கென்றே வைத்தது. இத்தனை நாளும் அவளுடைய மூச்சு அந்த டின்னுக்குள் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் அவனே பக்கத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து அதைக் குடிக்கவிட்டிருக்கிறான். காலையில் வெள்ளையாகத் திரளவைத்து, அளந்து, கழித்து, வாய்க்காலில் கொட்டியிருக்கிறான். தயிராக இருந்தது அவள் பேச்சு. அவள் ஓதியது. அவள் சிரிப்பு. கொட்டிவிட்டுக் கிண்ணத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறான்.

டின்னின் ஒரு பக்கத்து மெழுகை மட்டும் கீறி, கை நுழையத் தூக்கி, கிண்ணத்தை உருவியெடுத்தான். கட்டிலில் அவள் துள்ளினாள். உடனே அழுத்தி மூடி, இருந்த மெழுகை எல்லாம் உருக்கி ஊற்றினான். இனி அங்கே குடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பலன் தெரிந்தது. மத்தியானத்துக்குள் உதட்டில் நிறம் வந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்தாள். "பசிக்குதுங்க," என்றாள், காதில் விழும்படியாக. மீரான் சோறு பிசைந்து ஊட்டிவிட்டான். இனி எந்த உத்தியோகமும் வேண்டாம், அவளுக்கு மூச்சு திரும்பினால் மணப்பாறையில் முறுக்குச் சுட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதை வாய்விட்டும் சொன்னான். அவள் சிரித்தாள். சாயங்காலம் மருதை கொல்லை வாசலுக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தார். மீரான் தோப்புக் கிண்ணங்களை வரிசையாக நிரப்பிக் கொடுத்தனுப்பினான். கை பழக்கத்தில் செய்த வேலை. மனம் அதில் இல்லை.

இருட்டத் தொடங்கியதும் டின் புடைத்தது.

காலையிலிருந்து, குடிக்கக் கிண்ணமில்லாமல், சேர்ந்த மூச்சு. உள்ளே ஒடுங்குவது நின்றுவிட்டது; வெளியே மட்டும் தள்ளியது. தகரத்தின் நான்கு பக்கமும் உருண்டு வந்தன. மெழுகில் ஒரு கீறல் ஓடியது. அவன் கட்டைவிரலால் அழுத்தினான். வேறு இடத்தில் ஓடியது. மெழுகு தீர்ந்துவிட்டது. எப்படியும் அது வெளியே வரப்போகிறது. வருவது வேறெங்கும் போகாமல் அவளிடம் போக வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது.

"ஆபிதா, கீழ வா. இதுகிட்ட உக்காரு. வாயத் தொற."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"உன்னுதுதான்மா. வாங்கிக்க."

வேண்டாம். அவன் கையைப் பிடித்தாள். அவன் அவளை இழுத்து உட்காரவைத்தான். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

தூக்கினான்.

வெதுவெதுப்பு. கிராம்பு வாசனை. அவள் நெற்றி முடி எழுந்து பின்னால் பறந்தது. திறந்த வாயின்மேல் அது போயிற்று, கன்னத்தின்மேல் போயிற்று, உள்ளே போகவில்லை. கதவுச் சங்கிலி ஆடியது. வெளியே காற்றே இல்லாத தோப்பில் வாழையிலைகள் ஒரு வரிசையாக அசைந்துகொண்டு போயின, வீட்டிலிருந்து நேராக, உள்ளே, உள்ளே.

நின்றன.

டொக்.

தோப்பில். பக்கத்து டின்.

டொக். அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. எட்டத்தில் ஒன்று. இருட்டுக்குள் எல்லா டின்களும், ஒன்று விட்டு ஒன்று, ஒடுங்கின, புடைத்தன. இழுப்புச் சத்தம் கேட்டது. உள்ளே போகும்போது ஒரு சுருதி. வெளியே வரும்போது ஒரு சுருதி. மண்ணோடு மண்ணாக.

"என்னங்க."

முதல் டின்னுக்கு அடியிலிருந்து. அவள் குரல். பழைய குரல், தோப்பு முனைவரை கேட்கும் குரல்.

மீரான் திரும்பிப் பார்த்தான். ஆபிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது.

லாந்தரை எடுத்துக்கொண்டு ஓடினான். முதல் டின்னைத் தூக்கக் குனிந்தான். கை நின்றது. தூக்கினால் இதுவும் போகும், எங்கே போகுமோ. தூக்காவிட்டால் உள்ளே கிண்ணம் இருக்கிறது. சற்றுமுன் அவனே நிரப்பிய கிண்ணம். குடித்துக்கொண்டிருக்கிறது.

"என்னங்க."

குரல் இப்போது மெலிந்திருந்தது.

முதல் டின் நின்றது. அடுத்ததற்கு ஓடினான். அவன் கை படுவதற்குள் அதுவும் நின்றது. வரிசையாக நின்றன. சேற்றில் விழுந்தான், எழுந்தான். ஒன்றைத் தூக்கியே விட்டான். கிராம்பு வாசனை ஒருதரம் முகத்தில் பட்டு, மழைத்தண்ணீர் மண்ணில் இறங்குவதுபோல மண்ணில் இறங்கிப்போயிற்று. கொள்ளிடக்கரை ஓரத்தில் கடைசி டின் மட்டும் பாக்கி. அதன்மேல் விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். கன்னத்துக்குக் கீழே தகரம் ஒடுங்கியது. புடைத்தது.

டொக்.

வீட்டுப் பக்கம் ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. ஆபிதா கொல்லை வாசல்வரை நகர்ந்து வந்திருந்தாள். அடுப்பு வெளிச்சம் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. பலகைப் பக்கம் திரும்பியபோது திறந்த வாயின் கோடு மட்டும் தெரிந்தது. உள்ளங்கையால் கதவுப் பலகையைத் தட்டினாள், அவனைக் கூப்பிட.

டின் ஒடுங்கியது. அவள் தட்டினாள்.

டின் புடைத்தது. அவள் தட்டினாள்.

"என்..." என்றது டின்.

அவள் தட்டினாள்.

அவன் தகரத்தில் காதை அழுத்திக்கொண்டான். தூக்கவில்லை. தூக்காமலும் இருக்க முடியவில்லை. மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. தகரம் கன்னத்துக்குக் கீழே குளிர்ந்துகொண்டே வந்தது, அசையாமல் இருந்தது. வாசலில் அந்தக் கை மட்டும், நிறுத்தாமல், அதே கதியில், பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது.